கிரேக்கம் அறியாத கை



கலைப்புலமும் அறிவியல்புலமும் கைகோக்கும் அண்மைக்கால ஆய்வுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டிருந்தார்கள். இப்படிக் கேட்டால் வழக்கமாக என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். தொல்மரபணு, காலக்கணிப்பு, செயற்கைக்கோள் படம், மொழியியல் தரவுத்தொகுப்பு என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். கடைசியில் ‘துறைகள் ஒன்றிணைய வேண்டும்’ என்று ஒரு வேண்டுகோள். கேட்டவர்கள் கைதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். அந்தப் பட்டியலை நான் வாசிக்கப் போவதில்லை. ஒரே ஓர் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். அதில் இயந்திரம் செய்தது என்ன, மனிதர் செய்தது என்ன என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க ஆசை. ஏடு பார்த்துப் பதிப்பிக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இந்தக் கேள்வியில் சொந்த அக்கறையும் உண்டு.

இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாவின் கரையில் ஹெர்குலேனியம் என்றொரு ஊர் இருந்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பாம்பேயுடன் சேர்ந்து இதுவும் புதைந்தது. பாம்பேயின் மேல் சாம்பலும் கல்லும் பல மணி நேரம் மழைபோல் பொழிந்தன. ஹெர்குலேனியத்தின் கதை வேறு. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் அலையலையாக மலையிலிருந்து இறங்கி ஊரை மூடின. அந்தப் பொருள் இறுகிப் பாறையாகி, இன்றைக்கு ஊர் கிடப்பது 20 மீட்டர் ஆழத்தில். மேலே எர்கொலானோ என்ற புது ஊரில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

1750இல் அங்கே கிணறு தோண்டியபோது ஒரு பெரிய மாளிகையின் பளிங்குத் தரை தட்டுப்பட்டது. நேப்பிள்ஸ் அரசரின் ஆட்கள் மேலிருந்து தோண்டவில்லை. சுரங்கம் அகழ்ந்து, எலி வளைபோல ஊர்ந்து உள்ளே போனார்கள். மேற்பார்த்தவர் கார்ல் வெபர் என்ற ஸ்விஸ் பொறியாளர். அந்த இருட்டிலும் அவர் வரைந்த மாளிகை வரைபடத்தை இன்றைக்கும் அறிஞர்கள் நம்பி எடுத்தாள்கிறார்கள். தேடியது சிலைகளை. வெண்கலச் சிலைகளும் பளிங்குச் சிலைகளும் கிடைத்தன. 1752இல் வேறொன்றும் கிடைக்கத் தொடங்கியது. கருகிய விறகுக்கட்டைபோல, கையளவு நீளத்தில், நசுங்கிய உருளைகள். கரி என்று எண்ணிச் சிலவற்றை எறிந்தும்விட்டார்கள். ஒன்று உடைந்தபோது உள்ளே எழுத்து தெரிந்தது. அவை பாப்பிரஸ் என்ற தாவரத் தாளில் எழுதிய சுருள்கள். முழுசும் துண்டுமாக 1,800க்கும் மேற்பட்ட எண்களில் இன்று அவை பட்டியலிடப்பட்டுள்ளன. கிரேக்க, ரோமானிய உலகத்திலிருந்து இருந்த இடத்திலேயே கிடைத்த நூலகம் இது ஒன்றுதான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தப்பும். ஈரப்பதமான இத்தாலியில் தப்பாது, மக்கிப்போகும். மற்ற ரோமானிய நூலகங்களில் பல அப்படித்தான் போயின. இந்த மாளிகையிலோ, காற்றுப் புகாத வெப்பம் சுருள்களை எரித்துச் சாம்பலாக்காமல் கரியாக்கி நிறுத்திவிட்டது. எரிமலை அழித்த வீட்டின் நூல்கள் மட்டும் மிஞ்சின. மிஞ்சினவற்றைத் திறக்கத்தான் முடியவில்லை.

முதலில் முயன்றவர் போர்ட்டிச்சி அரசு அருங்காட்சியகத்தின் காப்பாளர் கமில்லோ பாதெர்னி. அவர் கத்தியை எடுத்தார். சுருளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, ஓடுபோல நிற்கும் இரு பாதிகளின் உட்புறத்தில் தெரியும் எழுத்தைப் பார்ப்பது. ஒரு படலத்தைப் பார்த்து வரைந்தாகிவிட்டதா, அதைச் சுரண்டி எறிந்துவிட்டு அடுத்த படலம். வரைந்த படலம் அத்தோடு ஒழிந்தது. வாசிப்பதற்கு விலை வாசித்ததையே அழிப்பது. இதைக் கொடுமை என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு வேறு வழி என்ன இருந்தது என்று கேட்டால் பதிலில்லை.

1753இல் வத்திக்கான் நூலகத்திலிருந்து அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியார் வந்தார். அவர் ஒரு கருவி செய்தார். மரச்சட்டத்தில் சுருளைத் தொங்கவிட்டு, அதன் முதுகில் மிருகச் சவ்வைத் துண்டு துண்டாகப் பசை போட்டு ஒட்டி, அதைப் பட்டு நூலால் கட்டி மேலே இழுப்பது. சுருளின் சொந்த எடையே அதைக் கீழே இழுக்க, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அது பிரியும். முதல் சுருள் பிரிய ஏறத்தாழ நான்கு ஆண்டு ஆயிற்று. அரசரும் ஐரோப்பாவின் அறிஞர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தொலைந்துபோன சோபோக்ளிஸ் நாடகமோ, லிவியின் வரலாற்றில் காணாமற்போன பாகமோ வரும் என்று நினைப்பு. வந்தது பிலோடெமஸ் என்பவர் இசையைப் பற்றி எழுதிய நூல். அதுவும் இசையால் ஒழுக்கம் வளராது என்று வாதிடும் நூல்! ஏமாற்றத்துக்குக் கேட்கவா வேண்டும்.

பிலோடெமஸ் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. முதல் நூற்றாண்டுக்காரர். இன்றைய ஜோர்டானில் உள்ள கதாரா என்ற ஊர்க்காரர். எபிகூரஸ் மரபைச் சேர்ந்த தத்துவ ஆசிரியர். ஜூலியஸ் சீசரின் மாமனார் பீசோ அவரை ஆதரித்தார்; மாளிகை பீசோவின் குடும்பத்துடையதாக இருக்கலாம் என்று பலர் கருதுவது அதனால்தான். எபிகூரஸின் கருத்துகளில் பல அவருடைய எதிரிகளின் வாய்வழியாகவே நமக்கு வந்து சேர்ந்தவை. அவர் 37 பாகங்களில் எழுதிய ‘இயற்கையைப் பற்றி’ என்ற பெருநூலின் துண்டுகள் இந்த ஒரு வீட்டில்தான் கிடைத்தன. நம் ஊரில் ஆசீவகர் நூல் ஏதாவது ஒன்று அப்படியே கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களைப் பற்றியும் நாம் அறிந்ததில் பெரும்பகுதி மறுக்க வந்தவர்கள் சொன்னது. ஏமாந்தவர்கள் சோபோக்ளிஸை எதிர்பார்த்தவர்கள். தத்துவ வரலாறு படிப்பவனுக்கு அது புதையல்.

இங்கே ஒரு சிறு குழுவை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். சுருளைப் பிரித்தவர் வேறு. பிரிந்த பகுதியில் தெரியும் எழுத்தைப் பார்த்து வரைந்தவர்கள் வேறு. இவர்கள் ஓவியர்கள், செதுக்குவோர். இவர்களில் பெரும்பாலோருக்குக் கிரேக்கம் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லது என்றே கருதப்பட்டது. கிரேக்கம் தெரிந்தவன் அரைகுறையாகத் தெரியும் ஒரு கோட்டைக் கண்டால், ‘ஓ, இது இன்ன சொல்’ என்று மனத்தில் முடிவுகட்டி, இல்லாத கோட்டையும் சேர்த்து வரைந்துவிடுவான். தெரியாதவன் கண்ணில் பட்ட கோட்டை மட்டும் வரைவான். வரைந்த தாளை வாங்கி, எது எழுத்து, எது விரிசல், எங்கே சொல் பிரிகிறது என்று பார்ப்பது மொழி தெரிந்தவரின் வேலை. படிப்பவரும் படியெடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் கண்ட ஏற்பாடு. நம் ஏட்டுப் பிரதிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. புலமை மிகுந்தவர் படியெடுத்த ஏட்டில் பாடம் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தத்தைக் கண்டாலே பதிப்பாசிரியருக்குச் சந்தேகம் வரும்.

அந்த ஓவியர்களின் தாள்கள் இன்றும் இருக்கின்றன. நேப்பிள்ஸில் ஒரு தொகுதி. இன்னொரு தொகுதி ஆக்ஸ்போர்டில். 1802இல் வேல்ஸ் இளவரசரின் செலவில் அனுப்பப்பட்ட ஜான் ஹேட்டர் என்ற பாதிரியார் மேற்பார்வையில் வரையப்பட்டவை அவை. சுரண்டி எறிந்த படலங்களுக்கு இந்தத் தாள்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இந்தத் தாள்களை வைத்து நடந்த ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. எக்ஸ்ரே இல்லை, கணினி இல்லை, யோசனை மட்டும். சுருளைப் பிளந்து உள்ளிருந்து வெளியே சுரண்டிக்கொண்டு வந்தார்கள் அல்லவா? முதலில் வரைந்ததற்கு முதல் எண், அடுத்ததற்கு இரண்டாம் எண் என்று போட்டுவிட்டார்கள். சுருளின் உட்பகுதியில் இருப்பது நூலின் பிற்பகுதி. வெளிச்சுற்றில் இருப்பது முற்பகுதி. ஆக, எண் வரிசைப்படி வாசித்தவர்கள் நூலைப் பின்னாலிருந்து முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, ஒரே சுருளின் இரு பாதிகளும் வேறு வேறு எண்களில் தனித்தனி நூல்களாகக் கிடந்தன. இரண்டு பாதியையும் சேர்த்து, வரிசையைத் தலைகீழாக்கி, ஒன்றுவிட்டு ஒன்று கோத்தால் வாதம் ஓடுகிறது என்று அறிஞர்களான டேனியல் டெலாட்ரும் டிர்க் ஓபிங்கும் 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தனித்தனியே கண்டார்கள். அதுவரை பிலோடெமஸ் குழப்பமாக எழுதுகிறவர் என்று பெயர் வாங்கியிருந்தார். பாவம்.

இப்படிப் பிரித்தவை ஒருபுறம். பிரிக்க முடியாமல் நொறுங்கியவை, வேதிப்பொருள் ஊற்றி வீணாக்கியவை இன்னொருபுறம். 1817இல் லண்டனில் சிக்லர் என்ற ஜெர்மானியர் தம் முறையைக் காட்டுகிறேன் என்று சில சுருள்களைப் பாழாக்கினார். பெரிய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியும் குளோரின் வைத்து முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார். 1802இல் நேப்பிள்ஸ் அரசர் நெப்போலியனுக்குப் பரிசாகக் கொடுத்த ஆறு சுருள்கள் பாரிஸ் போயின. வேறு சில ஆக்ஸ்போர்டுக்கு. மூடியபடியே பல நூறு கிடந்தன. ‘இதற்கு மேல் தொடாதே’ என்று எப்போதோ யாரோ எடுத்த முடிவுகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்த முடிவை எடுத்தவர்களுக்குச் சிலை எதுவும் இல்லை.

இனி அறிவியலுக்கு வருகிறேன்.

பிரித்துவைத்த சுருள்களில் கருப்புத் தாளின் மேல் கருப்பு மை. கண்ணுக்குத் தெரியாதது அகச்சிவப்பு ஒளியில் தெளிவாகத் தெரிந்தது. 1999 முதல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகக் குழுவினர் நேப்பிள்ஸில் எடுத்த படங்கள் பல பழைய வாசிப்புகளைத் திருத்தின. மூடிய சுருளுக்குள் அந்த ஒளி போகாது. எக்ஸ்ரே போகும். கென்டக்கி பல்கலைக்கழகக் கணினியியலாளர் பிரெண்ட் சீல்ஸ் இதற்குள் இறங்கினார். மூடிய சுருளை சி.டி. ஸ்கேன் செய்து, உள்ளே சுற்றிக் கிடக்கும் படலத்தைக் கணினியில் தடம்பிடித்து, திரையிலேயே விரித்துவிடுவது அவர் முறை. இஸ்ரேலில் சாக்கடல் கரையில் எய்ன் கெதி என்ற இடத்தில் 1970இல் கிடைத்த ஒரு கருகிய சுருளை இப்படித் திறக்காமலே வாசித்தார்கள். எபிரேய வேதத்தின் லேவியராகமத் தொடக்கம் அது. ஆய்வுக் கட்டுரை 2016இல் வெளிவந்தது. அந்த மையில் எக்ஸ்ரேயைத் தடுக்கும் கனமான பொருள் இருந்ததால் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

ஹெர்குலேனியத்தின் மை அப்படிப்பட்டது இல்லை. விளக்குக் கரியையும் பிசினையும் குழைத்த மை. பாப்பிரஸோ கரியாகிப் போனது. கரியின் மேல் கரி. எக்ஸ்ரேயின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 2009இல் பாரிஸ் சுருள்களை ஸ்கேன் செய்த சீல்ஸ் படலங்களைப் பார்த்தார், மையைப் பார்க்கவில்லை. பத்தாண்டு கழித்து 2019இல் இங்கிலாந்தின் டயமண்ட் லைட் சோர்ஸ் என்ற துகள் முடுக்கி நிலையத்துக்குச் சுருள்களைக் கொண்டுபோனார்கள். அங்கே எடுத்த ஸ்கேனில் ஒரு புள்ளியின் அளவு ஏறத்தாழ 8 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2023 மார்ச்சில் சீல்ஸ், தொழில்முனைவோரான நாட் ஃபிரீட்மன், டேனியல் கிராஸ் மூவரும் சேர்ந்து வெசூவியஸ் சவால் என்ற போட்டியை அறிவித்தார்கள். ஸ்கேன்கள் முழுவதையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். மூடிய சுருளிலிருந்து 140 எழுத்துகள் கொண்ட நான்கு பகுதிகளை, ஒவ்வொன்றிலும் 85 சதவீத எழுத்தாவது தெரியும்படி ஆண்டு முடிவுக்குள் எடுத்துத் தருபவர்களுக்கு 7,00,000 டாலர். பரிசுப் பணம் வைத்து ஆய்வை நடத்துவது எனக்கு அவ்வளவாக ஒப்பாத காரியம். போட்டி என்றால் கண்டதை ஆளுக்கொரு பெட்டியில் பூட்டிக்கொள்வார்கள். இவர்கள் அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். நடுநடுவே சிறு பரிசுகள் வைத்து, அதை வாங்க வேண்டுமானால் கண்டதை அனைவருக்கும் வெளியிட வேண்டும் என்று விதித்தார்கள். ஒருவர் ஏறிய படியில் அடுத்தவர் கால்வைக்க முடிந்தது.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். முதல் வேலை, படலத்தைத் தடம்பிடிப்பது. நசுங்கிய சுருளில் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக் கிடக்கும், கிழிந்திருக்கும், மடிந்திருக்கும். சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒரு சிறு குழு, ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, படலம் போகும் வழியைக் கையால் குறித்தது. சில சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கணக்கில் உழைப்பு. செய்தித்தாள்களில் ‘செயற்கை நுண்ணறிவு வாசித்தது’ என்று வந்ததல்லவா, அதற்கு அடியில் இந்தக் கைகள் இருந்தன.

அடுத்தது மை. அதை முதலில் கண்டது எந்த நிரலும் இல்லை. கேசி ஹேண்ட்மர் என்ற இயற்பியலாளர், தடம்பிடித்து விரித்த படலங்களின் படங்களை மணிக்கணக்கில் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். சில இடங்களில் மட்டும் மேற்பரப்பு காய்ந்த குளத்துச் சேறு வெடித்ததுபோலச் சிறு சிறு பாளமாக இருப்பதைக் கண்டார். அந்த வெடிப்புகள் சேர்ந்து ஓர் எழுத்தின் வடிவில் நின்றன. மை தன் நிறத்தால் தெரியவில்லை. தாளின் மேல் படிந்து உலர்ந்து வெடித்த தழும்பால் தெரிந்தது. இதை அவர் வெளியிட்டார்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லூக் ஃபாரிட்டர் இந்த வெடிப்புகளைத் தேடித் தேடிக் குறித்து, அந்தக் குறிப்புகளைக் கொண்டு ஒரு நிரலைப் பழக்கினார். நிரல் புதிய இடங்களில் வெடிப்பைக் காட்டும். அவர் அதைச் சரிபார்த்து மறுபடி பழக்குவார். ஓர் இரவு வெளியே இருந்தபோது கைபேசியில் நிரலின் விடையைத் திறந்து பார்த்தார். சில எழுத்துகள் வரிசையாக நின்றன. அறிஞர்கள் அதை ‘போர்ஃபுராஸ்’ என்று வாசித்தார்கள். ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல். 2023 அக்டோபரில் அறிவித்தார்கள். பெர்லினில் ஆய்வு செய்துகொண்டிருந்த எகிப்திய மாணவர் யூசெஃப் நாதர், ஃபாரிட்டருக்குத் தெரியாமலே, வேறு வழியில் பழக்கிய நிரலால் அதே இடத்தில் அதே எழுத்துகளை இன்னும் தெளிவாக எடுத்திருந்தார். இரண்டு பேர் இரண்டு வழியில் போய் ஒரே சொல்லில் சந்தித்ததுதான் என்னை நம்பவைத்தது. ஒருவர் மட்டும் காட்டியிருந்தால் நான் தலையை ஆட்டியிருக்க மாட்டேன்.

ஏன் இத்தனை சந்தேகம்? இன்றைய மொழி நிரல்களை நீங்கள் அறிவீர்கள். இல்லாத திருக்குறளையும் எண்ணோடு எடுத்துத் தரும். அப்படி ஒரு நிரலிடம் கரியைக் கொடுத்து ‘இதில் என்ன எழுதியிருக்கிறது’ என்று கேட்டால், அழகான கிரேக்கத்தில் ஒரு பொய்யைச் சொல்லும். இந்த ஆபத்தைப் போட்டியை நடத்தியவர்கள் முதலிலேயே அடைத்தார்கள். மையைத் தேடிய நிரலுக்குக் கிரேக்கம் சொல்லித்தரவில்லை. எழுத்து என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அது ஒரு நேரத்தில் பார்ப்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் சதுரம். ஓர் எழுத்தின் சிறு துணுக்கு மட்டுமே அதில் அடங்கும். ‘இந்தப் புள்ளியில் மை உண்டா இல்லையா’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சதுரத்துக்கு நகரும். அப்படித் தனித்தனியே சொன்ன விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எழுத்து எழுந்து நின்றது என்றால், அந்த எழுத்து சுருளில் இருந்துதான் வந்திருக்க வேண்டும்.

நேப்பிள்ஸ் ஓவியர்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் அறியாத கைக்குக் கொடுத்த இடத்தைத்தான் 21ஆம் நூற்றாண்டில் நிரலுக்குக் கொடுத்தார்கள். போட்டியை நடத்தியவர்கள் அந்த ஓவியர்களைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆபத்துக்கு இரு காலத்தவரும் ஒரே வேலி போட்டார்கள். இந்த ஆய்வின் தரம் அந்த வேலியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நிரல் எத்தனை கெட்டிக்காரத்தனமானது என்பதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

ஃபாரிட்டரும் நாதரும் சூரிச்சில் படித்த ஜூலியன் ஷில்லிகரோடு சேர்ந்துகொண்டார்கள். 2024 பிப்ரவரி 5ஆம் நாள் அவர்களுக்குப் பெரும்பரிசு அறிவிக்கப்பட்டது. 15 பத்திகள், 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகள். அந்தச் சுருளில் அது வெறும் 5 சதவீதம்.

படம் வந்தாயிற்று. வாசிக்க வேண்டுமே. நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபெதெரிகா நிகொலார்தி, பிரிஸ்டலின் ராபர்ட் ஃபௌலர், மிச்சிகனின் ரிச்சர்ட் யாங்கோ போன்ற பாப்பிரஸ் வல்லுநர்கள் படங்களை வாங்கிக்கொண்டார்கள். சொல்லுக்கு இடையே இடைவெளி விடாமல் எழுதும் காலம் அது. ஒரு நிமிர்ந்த கோடு மட்டும் தெரிகிறது. ஐந்தாறு எழுத்துகளில் எதுவாகவும் இருக்கலாம். அந்த எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைப்பார்கள். ‘இது ஐயத்துக்குரியது’ என்று பொருள். அழிந்துபோன இடத்தைச் சதுர அடைப்புக்குள் விடுவார்கள். ஊகித்து நிரப்பினால் அதையும் அடைப்புக்குள்ளேயே வைப்பார்கள். 1931இல் லெய்டனில் கூடி வகுத்துக்கொண்ட முறை. எங்கே கண்ணால் கண்டது முடிகிறது, எங்கே ஆசிரியரின் ஊகம் தொடங்குகிறது என்று பக்கத்தைத் திறந்த யாருக்கும் தெரிய வேண்டும்.

நம் மாணவர்கள் இதை அந்நியமாக நினைக்க வேண்டாம். 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். சிதைந்த பாடல்களில் புள்ளிகள் இருக்கும். 267, 268ஆம் பாடல்கள் இல்லை. எண் மட்டும் நிற்கிறது. செய்யுள் செய்யத் தெரிந்தவருக்கு அந்த இடத்தை நிரப்புவது ஒரு பொழுது வேலை. நிரப்பவில்லை. இன்றைக்கு வணிக நோக்கில் வரும் சில பதிப்புகள் அந்தப் புள்ளிகளையும் அழகு கருதி எடுத்துவிடுகின்றன. கோபம் வருகிறது. அந்தப் புள்ளியும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

அந்தப் 15 பத்திகளில் என்ன இருந்தது? இன்பத்தைப் பற்றிய பேச்சு. அரிதாகக் கிடைக்கும் பொருள் ஏராளமாகக் கிடைப்பதைவிட அதிக இன்பம் தருமா என்று ஆசிரியர் கேட்கிறார். உணவை உதாரணம் காட்டுகிறார். அப்படி உடனே நம்பிவிட மாட்டோம் என்கிறார். இசை வருகிறது, கேப்பர் என்ற ஊறுகாய் மொட்டு வருகிறது. முடிவில் எதிர்க்கட்சிக்காரர்களை ஓர் இடி இடிக்கிறார். ஆசிரியர் பிலோடெமஸ்தான் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சிக்கலான நடை அவருடையதே. உலகத்தை உலுக்கும் செய்தி எதுவும் இல்லை. 2,000 ஆண்டு யாரும் பார்க்காத ஒரு வாதத்தை நடுவிலிருந்து கேட்கிறோம், அவ்வளவே. எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

2025 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டின் ஒரு சுருளுக்குள் எழுத்து தெரிந்தது. மற்ற சுருள்களைவிட அதன் மை எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரிகிறது. அதே ஆண்டு மே மாதம் தலைப்பும் கிடைத்தது: பிலோடெமஸ், ‘தீய குணங்களைப் பற்றி’. மூடிய சுருளிலிருந்து ஒரு நூலின் பெயரை மனிதர் வாசித்தது அதுவே முதல் தடவை. கிரேக்கச் சுருள்களில் தலைப்பைக் கடைசியில் எழுதுவார்கள். கடைசி என்பது சுருளின் நடுமையம். நெருப்புக்கும் கத்திக்கும் எளிதில் எட்டாத இடம். ஆகவே பல நூல்களில் தொடக்கம் போய்ப் பெயர் மட்டும் பிழைத்திருக்கிறது.

ஊடகங்கள் இத்தகைய ஆய்வுகளை எப்படிக் கையாண்டன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஏப்ரலில் ‘பிளேட்டோவின் கல்லறை கண்டுபிடிப்பு’ என்று தலைப்புகள் வந்தன. நம் நாளிதழ்களிலும் அப்படியே வந்தது. நடந்தது என்ன? பீசா பல்கலைக்கழகத்தின் கிராசியானோ ரனோக்கியா குழுவினர், எப்போதோ பிரித்துவைத்த ஒரு சுருளைப் புதுவகை ஒளிப்படங்களால் மறுவாசிப்புச் செய்துகொண்டிருந்தார்கள். அது பிலோடெமஸ் எழுதிய பிளேட்டோ கழகத்தின் வரலாறு. முந்தைய பதிப்பைவிட ஏறத்தாழ 1,000 சொற்கள் கூடுதலாகவோ திருத்தமாகவோ கிடைத்திருக்கின்றன. அதில் பிளேட்டோ கழகத்துத் தோட்டத்தில், கலைத்தேவியர் கோயிலருகே புதைக்கப்பட்டார் என்று ஒரு வாசிப்பு. கழகத்தில் புதைக்கப்பட்டார் என்பது பழைய எழுத்தாளர் டயோஜெனிஸ் லாயர்டியஸ் வழியாக முன்பே தெரிந்த செய்தி. தோட்டத்தில் எந்தப் பக்கம் என்பது கூடுதல் விவரம். யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை, கல்லறை எதுவும் தென்படவில்லை. அதே பகுதியில், சாகக் கிடந்த பிளேட்டோ தம்முன் குழலூதிய திரேசியப் பெண்ணின் தாளம் சரியில்லை என்று குறை சொன்னதாகவும் வருகிறது. கல்லறையைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. தலைப்பில் ஏனோ வரவில்லை.

இந்த வெற்றிக்குப் பிறகு எல்லாச் சுருளும் நாளையே திறந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒரு சுருளில் பழகிய நிரல் அடுத்த சுருளில் தடுமாறுகிறது. படலத்தைத் தடம்பிடிப்பது இன்னும் பெரும்பாடு. ஸ்கேன் எடுக்க ஐரோப்பாவில் ஒருசில நிலையங்களே தகுதியானவை. அங்கே நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எல்லாவற்றுக்கும் மேலே, படங்கள் குவிந்தால் வாசிக்க ஆள் வேண்டும். ஹெர்குலேனியம் பாப்பிரஸை நம்பிக்கையோடு வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகம் முழுவதும் ஒரு சிறு அறையில் அடங்குவார்கள். 1969இல் மார்செல்லோ ஜிகாந்தே நேப்பிள்ஸில் இதற்கென்று ஒரு மையம் தொடங்கி மாணவர்களைப் பயிற்றுவித்ததால்தான் அந்த அறையிலாவது ஆள் இருக்கிறது. பயன் என்ன என்று கேட்டு யாராவது அந்த மையத்தை 1980இல் மூடியிருந்தால், 2023இல் ஃபாரிட்டரின் கைபேசியில் தெரிந்த கோடுகள் கோடுகளாகவே நின்றிருக்கும். மேற்கு நாடுகளில் செவ்வியல் மொழித் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிவரும் காலத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சர்ச்சையோடு முடித்துக்கொள்கிறேன். அந்த மாளிகை முழுவதும் தோண்டப்படவில்லை. 1990களின் அகழ்வில் கீழ்த்தளங்கள் இருப்பது தெரிந்தது. கிடைத்த சுருள்கள் பெரும்பாலும் கிரேக்கம். இலத்தீன் நூலகம் ஒன்று உள்ளே இன்னும் கிடக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். 2002இல் ஃபௌலர் உள்ளிட்ட எட்டு அறிஞர்கள் லண்டன் டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதி, எரிமலை மறுபடி வெடிக்கும் முன் தோண்டுங்கள் என்றார்கள். ஹெர்குலேனியத்தின் பாதுகாப்புத் திட்டத்தை நடத்திய ஆண்ட்ரூ வாலஸ்-ஹாட்ரில் ஒப்பவில்லை. ஏற்கெனவே வெளியே வந்த தெருக்களும் சுவர்களும் மழையிலும் வெயிலிலும் இடிந்துகொண்டிருக்கும்போது புதிதாகத் திறந்து அதையும் கெடுப்பதா என்பது அவர் பக்கம். இரண்டுமே வலுவான வாதங்கள். நான் வாலஸ்-ஹாட்ரில் பக்கம். இருக்கும் சுருள்களையே வாசிக்க நம்மிடம் ஆளும் நேரமும் போதவில்லை. 20 மீட்டர்ப் பாறைக்கு மேல் குடியிருப்பவர்களின் வீடுகளும் இருக்கின்றன. எரிமலை காத்திருக்காது என்று ஃபௌலர் சொன்னால் அதற்கு என்னிடம் மறுமொழி இல்லைதான். ஆனாலும் கத்தியை முதலில் எடுத்த பாதெர்னியின் அவசரத்தில் எத்தனை நூல் போயிற்று என்பதை மறக்க முடியவில்லை.